மூன்றாம் ஓலை

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இன்று கோயிலில் எனக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி. மூன்று தடவை பெயரை வாசித்து, "தடை உண்டா, தடை உண்டா" என்று ஊரையே கேட்பார்கள், பெண்ணை மட்டும் கேட்கமாட்டார்கள். ஓலை வாசிக்கிற நாளில் பெண் கோயிலில் இருக்கக்கூடாது என்பது எங்கள் பெத்தேல்நகர் வழக்கம். முதல் ஓலை வாசித்துவிட்டால் கல்யாணம் வரைக்கும் வாசற்படியும் தாண்டக்கூடாது. இது வேதத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "எல்லாம் இருக்கு, தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அண்ணன் மனைவி ஹெலன் மைனியோடு ஆராதனைக்குப் போய்விட்டாள்.

கோயில் அடுத்த தெருவில். ஒலிபெருக்கியின் வாய் நேராக எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறது. அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். "காலஞ்சென்ற தேவசகாயம் அவர்களின் குமாரத்தி பெர்சிஸ் என்னும் கன்னிகையும், தூத்துக்குடியைச் சேர்ந்த கிப்சன் என்னும் வாலிபனும்..." கன்னிகைக்கு முப்பத்து மூன்று, வாலிபனுக்கு முப்பத்தேழு. "இவர்கள் விவாகத்தில் இணைக்கப்படுவதற்கு நியாயமான தடை உண்டென்று அறிந்தவர்கள் சபையில் தெரிவிக்கக்கடவர்கள். இது முதலாம் முறை."

யாரும் எழுந்திருக்கவில்லை போல. அடுத்ததாகக் குருவானவர் சங்கக் கூட்ட அறிவிப்புக்குப் போய்விட்டார்.

இந்தக் கல்யாணத்தை நிறுத்த வேண்டும். மூன்றாம் ஓலைக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மாப்பிள்ளை நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆல்வினையும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

மைனி என்னை முறுக்குச் சுற்ற உட்கார வைத்தாள். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வருவான். அதனால் கல்யாண வேலை முழுவதும் ஹெலன் மைனி தலையில். அவள் அதைச் சந்தோஷமாகச் சுமக்கிறாள். நான் சுற்றிய முறுக்கைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு சுத்துன முறுக்கு மாதிரியா இருக்கு? ஏதோ கோவத்துல முறுக்குன மாதிரில்லா இருக்கு" என்றாள்.

பாளையங்கோட்டைக் கண் ஆஸ்பத்திரியில் விடுப்புச் சொல்லியாயிற்று. அங்கே என் வேலை இருட்டறையில் நோயாளியின் கண்முன் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பது. பத்து வருடமாகக் கேட்கிறேன். அந்த இருட்டறையை விட இந்த வீடு அதிகம் அடைத்துக்கிடக்கிறது.

மத்தியானம் மின்சாரம் போனது. "மாப்பிள்ளைட்ட சொல்லு" என்றாள் அம்மா. கிப்சன் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். நிச்சயம் ஆன நாளிலிருந்து மின்விசிறி நின்றாலும் அவர்தான் பொறுப்பு, பல்பு உடைந்தாலும் அவர்தான் பொறுப்பு.

பெண் பார்க்க வந்த அன்று அவர் சாப்பிட்ட வாழைப்பழத் தோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சாயங்காலம் கிப்சன் போன் பண்ணினார். தினமும் பண்ணுவார், கொஞ்சம்தான் பேசுவார். இன்றைக்கு உற்சாகமாக இருந்தார்.

"பெர்சிஸ், நேத்து உங்க வேலையப் பத்தி ஜெபிச்சேன். மனசுல ஒரு தெளிவு கிடைச்சுது. நீங்க..."

போனை அணைத்துவிட்டேன்.

கை தானாகவே போய்விட்டது. அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மைனி ஓடிவந்து, "என்னட்டி?" என்றாள். சார்ஜ் இல்லை என்றேன். போன் அவள் கண்முன்னேயே மறுபடி அடித்தது.

ஆகஸ்ட் 23, புதன்

ஆல்வினைப் பற்றி நியாயமாகவே எழுத வேண்டும். நாலு வருடம் எனக்கு நிச்சயிக்கப்பட்டவராக இருந்தார். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. சத்தம்கூடப் போட்டதில்லை. வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர். அவர் ஜெபித்தால் கல்லும் உருகும் என்பார்கள்.

ஜெபித்துவிட்டுத்தான் எதையும் சொல்வார். ஜாஸ்மினோடு நான் பழகுவது ஆண்டவருக்குப் பிரியமில்லை என்று ஒரு நாள் சொன்னார். ஜாஸ்மினோடு பேசுவதை விட்டேன். ஸ்கூட்டியில் போவது அடக்கமான பெண்ணுக்கு அழகில்லை என்று ஆண்டவர் உணர்த்தினார். ஸ்கூட்டியை விற்றேன். தலைமுடியை வெட்டியதற்கு உபவாசம் இருந்து ஜெபித்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் அழுது மன்னிப்புக் கேட்ட பிறகு, என் தலையில் கை வைத்து ஜெபித்தார். அந்தக் கையின் கனம் இன்னும் தலையில் இருக்கிறது.

சொன்னவர் ஆல்வின் என்றால் மறுத்துப் பேசியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆண்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஆண்டவருக்கு என் ஸ்கூட்டி மேல் அவ்வளவு கவனம் இருந்திருக்கிறது, அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோது எங்கே போனார் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். அதற்கும் உபவாசம் இருந்தார்.

என்னைத் திருத்த வேண்டும் என்ற அன்பினால்தான் செய்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.

கிப்சனின் குறுஞ்செய்தி: "தப்பா ஏதாச்சும் சொல்லிட்டேனா?" பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

மைனியிடம் சொல்லிவிட்டேன். புடவைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. உங்க அண்ணன மொதல்ல பாத்தப்ப ஓடிரலாமான்னு நெனச்சேன். எல்லாருக்கும் வரும். சுக்குத் தண்ணி போட்டுத் தாரேன், குடி."

குடித்தேன். வயிறு சரியாயிற்று.

ஆகஸ்ட் 26, சனி

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கோயில் வளாகத்தில் பந்தல் போடுவது தெரிகிறது. அடுத்த வாரம் வியாழனிலிருந்து சனி வரை எழுப்புதல் ஜெபக்கூட்டங்கள். கோயில் வாசலில் விளம்பரத் தட்டி கட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தேவசெய்தி கொடுக்கப்போகிறவரின் படத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மேலே உயர்த்திய கை. சகோதரர் ஆல்வின்.

அம்மாவும் பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, நானும் அவளிடம் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த அவியல் வைத்திருந்தாள். அம்மா மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான், தப்பு யாருடையதாக இருந்தாலும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இரண்டாம் ஓலை. "இது இரண்டாம் முறை."

ஆராதனை முடிந்து எஸ்தர் சித்தி அம்மாவோடு வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்துக்கொண்டே, "ஓல ரெண்டு வாசிச்சாச்சா, இனி பயமில்ல" என்றவர், பிறகு யோசித்து, "போன தடவையும் ரெண்டு வாசிச்சாவதான" என்றார். மைனி டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

எழுதித்தான் ஆக வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால், மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில். மூன்றாம் ஓலை முடிந்ததும் கொடுப்பதற்கு அப்பா லட்டு வாங்கி வைத்திருந்தார். அவரும் உடம்புக்கு முடியாமல் வீட்டிலேயே இருந்தார். இருவரும் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டோம். வேறொரு ஜோடியின் ஓலை வாசித்தார்கள். பிறகு காணிக்கைப் பாட்டு வந்துவிட்டது. அப்பா எழுந்து போய், ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்று சொல்லி, ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்தார்.

அன்று காலையில் ஆல்வின் அப்போதைய குருவானவரைப் பார்த்து, ஆண்டவர் தனக்கு வெளிப்பாடு கொடுத்துவிட்டார், பெர்சிஸ் தன் துணை அல்ல, ஓலையை நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. என்ன வெளிப்பாடு என்று ஊரே யோசித்தது. என்னிடம் என்ன குறை இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஒன்று கண்டுபிடித்தார்கள். ஆறு மாதத்தில் அப்பா போய்விட்டார். அதற்கு ஆல்வின் காரணமில்லை, நோய்தான் காரணம். ஆனாலும் அந்த லட்டை அப்பா ஒவ்வொன்றாகத் தெரு நாய்களுக்குப் போட்டதை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பெயர் வருமா வராதா என்று காத்திருக்க என்னால் முடியாது. பெயர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

குருவானவர் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன் ஆலோசனை சொல்வது முறை. இவர் புதியவர், போன வருடம்தான் மாற்றலாகி வந்தார். என் கதை முழுதாகத் தெரியாது. வேதம் வாசித்து, ஜெபித்து, முறுக்குத் தின்றார்.

"சம்மதந்தானம்மா?" என்று கேட்டார்.

அம்மா தட்டோடு பக்கத்தில் நின்றாள். மைனி நிலைப்படியில். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

போகும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "ஐயா, ஓலைக்குத் தடை சொல்லணும்னா எப்படிச் சொல்லணும்?"

"வாசிக்கும்போது சபையில எந்திரிச்சுச் சொல்லணும்."

"பொண்ணே சொல்லலாமா?"

சிரித்துவிட்டார். "பொண்ணு சபையில இருந்தாத்தானம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 30, புதன்

கிப்சனிடமிருந்து போன் இல்லை. பதில் போடாதவளுக்கு யார் போன் பண்ணுவார்கள்? நல்லதுதான். நிம்மதியாக இருக்கிறது.

போன் வேலை செய்கிறதா என்று மைனியை விட்டு ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

மைனி முறுக்கு டப்பாக்களுக்குத் துணி கட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தின் முதல் நாள். பேச வந்தவர் வயதானவர், தொண்டை கட்டியிருந்தது. நாளைக்கு ஆல்வின்.

செப்டம்பர் 1, வெள்ளி

சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் பாட்டு முடிந்து அவர் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குப் போக்கிடம் இல்லை. பின்பக்க அறைக்குப் போனேன், அங்கேயும் கேட்டது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், அதற்கு மேலும் கேட்டது. வேறு எங்காவது போக வேண்டுமானால் வாசற்படி தாண்ட வேண்டும். கூடத்துக்கே திரும்பி வந்து, அம்மாவோடு முருங்கைக்கீரை உருவினேன்.

அந்தக் குரல் கொஞ்சமும் மாறவில்லை. தாழ ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, ஒரு இடத்தில் உடைந்து அழும். எந்த இடத்தில் உடையும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது.

"பிரியமானவங்களே, இது எனக்குப் பழக்கமான ஊரு. இந்த ஊர்லதான் நான் ஒரு கண்ணியில மாட்டினேன். மணவறை வாசல் வரைக்கும் போயிட்டேன். ஒரு தெலீலாள் மடியில தலை வச்சுப் படுத்திருந்த என்னை, ஆண்டவர் கையப் பிடிச்சுத் தூக்கினார். ஸ்தோத்திரம் சொல்லுவோமா?"

வேதத்தில் தெலீலாள் தன்னை நம்பியவனை மடியில் தூங்கவைத்துக் காட்டிக்கொடுத்தவள். சபை ஸ்தோத்திரம் சொன்னது. சத்தமாகச் சொன்னது. அதில் எஸ்தர் சித்தியின் குரலும் இருந்திருக்கும்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள், பிறகு கதவை. மின்விசிறிக் காற்று அனலாக வீசியது. குரல் அப்போதும் வந்தது. அம்மா சாத்திய ஜன்னலுக்கு நேராக நின்று, "நாசமாப் போவான்" என்றாள். என் அம்மா அதுவரை ஒருவரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மைனி, "மாப்பிள்ளை ஈ.பி.தான? ஒரு போனப் போட்டு ஏரியா பூரா கரண்டக் கட் பண்ணச் சொல்லுதேன்" என்று போனை எடுத்தாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மையிலேயே அடித்துவிட்டாள். அவர் எடுத்தவுடன், "தம்பி, இந்தாங்க" என்று என் கையில் திணித்துவிட்டாள்.

"பெர்சிஸ்? சொல்லுங்க."

அம்மா சாத்திய ஜன்னலை மறுபடி திறந்தேன். போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். தெலீலாள் எப்படி இனிக்க இனிக்கப் பேசினாள், எப்படி அடங்காதவளாக இருந்தாள், எப்படி ஆண்டவரையே கேள்வி கேட்டாள் என்று அங்கே கதை நடந்துகொண்டிருந்தது. கை கடுத்தது. இறக்கவில்லை. அந்தக் குரல் உடையும் இடம் வந்து, அது அழுது முடித்தபிறகு போனைக் காதில் வைத்தேன்.

கிப்சன் இன்னும் இருந்தார்.

"இவரா?" என்றார். எனக்கு முன்பு ஒரு கல்யாணம் நின்றது மட்டும் அவருக்குத் தெரியும்.

"இவன்தான்."

"நீங்கதானா அந்த... அவர் சொன்ன..."

"நான்தான்."

அவர் ஆறுதல் சொல்லவில்லை, வசனம் சொல்லவில்லை. பிறகு, "நாளைக்குக் கூப்பிடட்டுமா? இப்ப நான் என்ன சொன்னாலும் சரியா வராது" என்றார்.

சரி என்றேன். தரையில் உட்கார்ந்து, உருவிய கீரைக்கு மேலேயே அழுதேன். ஐந்து வருடம் கழித்து அழுகிறேன். எனக்காக இல்லை, ஜன்னலை அகலமாகத் திறந்த அப்பாவுக்காக. பிறகு எனக்காகவும்.

அவன் என்னைத் திருத்தவில்லை. என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான். அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஜெபம் பண்ணிக்கொண்டான்.

செப்டம்பர் 2, சனி

காலையில் கிப்சன் கூப்பிட்டார். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்: ஜாஸ்மின், ஸ்கூட்டி, முடி, வாசிக்காத ஓலை. சொல்லிவிட்டு, கேட்டே ஆக வேண்டியதைக் கேட்டேன்.

"அன்னைக்கு என் வேலையப் பத்தி ஜெபிச்சேன், தெளிவு கிடைச்சுதுன்னு சொன்னீங்களே. என்ன தெளிவு?"

"அதுவா..." கூச்சப்பட்டார். "நீங்க ஆஸ்பத்திரி வேலைய விட வேண்டாம், நானே பாளையங்கோட்டைக்கு மாத்தல் கேக்கலாமான்னு. நெசத்தச் சொன்னா, அது ஜெபத்துல கிடைச்சுதா, பஸ்ல வரும்போது தோணுச்சான்னு எனக்கே தெரியாது. ஜெபம்னு சொன்னா உங்க வீட்டுக்குப் பிடிக்கும்னு சேத்துக்கிட்டேன்."

பதினொரு நாளாக இதற்காகவா தரையில் உட்கார்ந்தேன் என்று சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பயம் முழுதாகப் போகவில்லையே.

"ஜெபம் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன். பண்ணாம எனக்கு ஆகாது. ஆனா உங்களப் பத்தி ஆண்டவரு இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. உங்களப் பத்தி உங்ககிட்டத்தான் கேக்கணும். அவருக்கும் ஜோலி குறையும்."

நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "நான் இந்தக் கல்யாணத்த நிறுத்தணும்னு நெனச்சிட்டிருக்கேன். முத ஓலையில இருந்தே."

"போன எடுக்காதப்பவே நெனச்சேன்." கொஞ்சம் இருமினார். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அது வேற. வேண்டாம்னா வேண்டாம்."

"எப்படி வேண்டாம்ங்கிறது? எல்லாரும் வாயையே பாக்காவ. எனக்கு 'ம்'னுதான் வருது."

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"நாளைக்கு நான் உங்க கோயிலுக்கு வாரேன். மாப்பிள்ள வரப்படாதுன்னு ஒண்ணும் கிடையாதுல்லா? ஆம்பளைங்க பக்கம், கடைசி பெஞ்சுல இருப்பேன். நீங்களும் வாங்க. தடை உண்டான்னு கேக்கும்போது நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிச்சிருவேன். நீங்க வாயத் திறக்க வேண்டாம். தடை எம்பக்கம்னு நான் சொல்லுதேன். என்ன தடைன்னு கேட்டா, அது எனக்கும் உங்க குருவானவருக்கும் உள்ளது. உங்களை யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாவ."

"உங்களத்தான ஊரே பேசும்?"

"பேசட்டும். ஒரு தடவ உங்களப் பேசினாவல்லா."

போனை வைத்தபிறகும் படிக்கட்டுக்குக் கீழேயே இருந்தேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக ஜெபிக்க முயன்றேன். ஆண்டவரே, நீர் என் ஸ்கூட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இல்லையா? அவ்வளவுதான் வந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. பதில் வராதது ஆறுதலாக இருந்தது.

நாளைக்கு எழுந்திருப்பேன். முடிவு செய்துவிட்டேன். இவ்வளவு நல்ல மனிதரை இந்தப் பயத்தோடு கட்டிக்கொள்வது அவருக்கும் அநியாயம்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மத்தியானம். வீடு நிறைய ஆட்கள், மேலே வந்து எழுதுகிறேன்.

காலையில் நான் குளித்துப் புடவை கட்டி வருவதைப் பார்த்து, அம்மா வாசலில் கையை விரித்து மறித்துவிட்டாள்.

"ஓல வாசிக்க அன்னைக்குப் பொண்ணு கோயில்ல இருக்கப்படாது."

"போன தடவ வீட்லதான்மா இருந்தேன்."

அம்மா கையை இறக்கி, என் புடவை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, "வா, நேரமாச்சு" என்றாள். வெயிலே இல்லாத தெருவில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் நுழைந்தபோது சபை முழுக்கத் திரும்பியது. எஸ்தர் சித்தி பக்கத்து ஆளை இடித்துக் காட்டினார். பெண்கள் பக்கம், கடைசிக்கு முந்தின பெஞ்சில், நடுவழியை ஒட்டி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம், கதவோரக் கடைசி பெஞ்சில் கிப்சன். முதல் பஸ் பிடித்து வந்திருக்க வேண்டும், சட்டை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

அறிவிப்புகள் வந்தன. குருவானவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினார். "பெர்சிஸ் என்னும் கன்னிகையும்" என்று சொல்லும்போது தலை நிமிர்ந்து, என்னைக் கண்டு, ஒரு நொடி தடுமாறினார். பிறகு தொடர்ந்தார். "நியாயமான தடை உண்டென்று அறிந்தவர்கள்..."

என் கால் இரண்டும் தயாராக இருந்தன. முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் இருக்கும் பக்கம் பார்த்தேன். கிப்சன் முழங்காலில் கை ஊன்றி, எந்த நிமிடமும் எழத் தயாராக, முன்னால் இருந்தவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. எழ வேண்டாம் என்று ஒரு பார்வைகூட என்னைக் கேட்கவில்லை. அந்தப் பார்வை என்மேல் விழக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டு நேராகப் பார்க்கிறார் என்று புரிந்தது.

எழுந்தால் எழுந்துவிடலாம். என்னை யாரும் பிடிக்கவில்லை. கதவும் திறந்துதான் இருந்தது. அப்படி ஒரு இடத்தில் நான் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எழ விருப்பம் இருக்கிறதா என்று என்னையே கேட்டேன். இல்லை. பயம் இருந்தது, ஆனால் விருப்பம் இல்லை. இந்த மனிதர் இருக்கிற வீட்டில் பயந்துகொண்டே இருந்தாலும் பரவாயில்லை, சொன்னால் கேட்பார் என்று தோன்றியது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. வாழைப்பழத் தோலைக் கையில் வைத்திருந்த அன்றே பிடித்துவிட்டது. இதோ எழுதிவிட்டேன்.

"...இது மூன்றாம் முறை" என்றார் குருவானவர். மூச்சை விட்டேன். அதே மூச்சில் அவர் பாட்டின் எண்ணைச் சொல்ல, ஆர்மோனியம் ஒலிக்க, சபை முழுவதும் எழுந்து நின்றது.

எனக்குத் திக்கென்றது. நான் எழுந்தால் அவர் எழுவார். எழுந்ததும் தடை என்று சொல்லிவிட்டால்? இப்போது பாட்டுக்குத்தான் எழுந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெஞ்சை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

மைனி குனிந்து, "எந்திரிட்டி, எல்லாரும் பாக்காவ" என்றாள்.

"மாட்டேன்."

"கால் வலிக்கா?"

"இல்ல மைனி. மாட்டேன்."

நின்றுகொண்டிருந்தவர்களின் புடவைகளுக்கும் வேட்டிகளுக்கும் நடுவே, வழிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அத்தனை பேர் நிற்கும் கோயிலில் கிப்சனும் எழவில்லை. அவர் பக்கத்தில் நின்ற பெரியவர் பாட்டுப் புத்தகத்தால் அவர் தோளைத் தட்டி எழச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழாமல், ஓலை வாசித்த பிறகு முதல் தடவையாகத் தலையைத் திருப்பி, என் பக்கம் பார்த்தார்.

நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மெல்ல மாறியது. பாட்டின் எல்லாச் சரணமும் பாடி முடிகிற வரைக்கும் நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.